அடைபட்ட சூளை

விருத்தாசலம் கடைவீதியில், அந்தப் பழைய கட்டடத்தின் கடைசிக் கடை வாசுகிக்குத் தையல் கடை வைக்கத் தோதாக இருந்தது. பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நான்கு வயது மகள் வெண்பாவும் கூடவே வருவாள்.

ஒரு குறைதான். பின்சுவர் சூடாக இருந்தது. வெயிலே படாத சுவர். மழை பெய்த அன்றும் கை வைக்க முடியவில்லை. அவ்வப்போது மண் வேகும் வாடை வேறு.

"இந்த சுவரு ஏங்க்கா இப்புடிக் கொதிக்குது?" என்று பக்கத்து டீக்கடை பூவாயியிடம் கேட்டாள்.

பூவாயி குரலைத் தாழ்த்தினாள். "முன்னாடி இங்க பீங்கான் சூளை இருந்துச்சு. ஜாடி அடுக்க உள்ள போன ஜெயராஜு மயங்கி உழுந்து கெடந்திருக்காரு. அது தெரியாம, வாசல செங்கல் வச்சு அடைச்சு தீ மூட்டிட்டாங்க. பொறவு சூளைய இடிக்காமலே முன்னால சுவர் எழுப்பிக் கடை கட்னாங்க. ஓட்டலு வந்துச்சு, செருப்புக்கடை வந்துச்சு. ஒருத்தரும் தங்கல."

வாசுகி அன்றே காலி செய்திருக்க வேண்டும். கல்யாண வீட்டு ரவிக்கைகள் பாக்கி இருந்தன. அவற்றை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. மெஷின் நின்றது. அந்த அமைதியில் வாசுகி திரும்பிப் பார்த்தாள்.

பாயில் தூங்கிய வெண்பா இல்லை.

வாசலை மறித்து உட்கார்ந்திருந்தது வாசுகிதான். அவளைத் தாண்டி யாரும் போகவில்லை.

"வெண்பா!"

"அம்மா..."

குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது.

அவள் அலறிய அலறலில் பூவாயி ஓடி வந்தாள். தெருவில் பள்ளம் தோண்டியவர்களின் கடப்பாரையைப் பிடுங்கி வந்து இருவரும் மாறி மாறி இடித்தார்கள். செங்கல் பெயர்ந்ததும் அனல் முகத்தில் அடித்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டது.

பிடித்து இழுத்தார்கள். வெண்பாவின் உடம்பெல்லாம் சாம்பல். ஒரு கொப்புளம்கூட இல்லை.

"எப்புடிடி உள்ள போன?"

"மாமா கூப்ட்டாரு."

பூவாயி தன் கடையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெண்பா குடிக்கவில்லை. டம்ளரைச் சுவரின் ஓட்டைக்குள் நீட்டினாள்.

"அவருக்குத்தான் தாகமா இருக்குது."

டம்ளர் அவள் விரல்களிலிருந்து மெல்ல உள்ளே போனது. விழும் சத்தம் கேட்கவில்லை.

வாசுகி மகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பூவாயியும் பின்னாலேயே ஓடினாள்.

கடைவீதிச் சந்தடிக்கு நடுவிலும் இருவருக்கும் அது தெளிவாகக் கேட்டது.

மடக் மடக்கென்று, யாரோ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.