பார்க்க மட்டும்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செவ்வாய் கிரகக் குடியிருப்பில் எல்லாரும் நினைவகத்துக்குப் போய், செத்துப்போனவர்களோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் சமையலைக் கவனிப்பார்கள்.

ஒருவர் இறந்தால், உடன் வாழ்ந்தவர்களின் மூளைச்சில்லுகளிலிருந்து அவரைப் பற்றிய நினைவுகளைச் சேர்த்து ஒரே கோப்பாக்கிவிடுவார்கள். கோப்பு இருக்கிற தைரியத்தில் மனிதர்கள் தாமாக நினைவில் வைத்துக்கொள்வதை விட்டு வெகுகாலம் ஆகிறது. செல்போன் வந்ததும் நமக்கு வீட்டு நம்பர் மறந்துபோகவில்லையா, அப்படித்தான்.

பார்க்கும் உரிமை உறவினர் எல்லாருக்கும் உண்டு. மாற்றும் உரிமைக்குத்தான் அடிதடி. காய்ச்சலில் போய்விட்ட ஐந்து வயது ரீத்தாவின் கோப்பில் அந்த உரிமை அவளுடைய பெற்றோர் சூசைக்கும் ஜெசிந்தாவுக்கும் மட்டும் இருந்தது.

அன்று ஜெசிந்தா, மகள் சோறு வேண்டாமென்று தரையில் புரண்டு அழுவதைப் பார்க்க வந்தாள். அது இல்லை. இருமல்கூட இல்லை. தேடித் தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு காட்சிதான் மிச்சம்.

"உங்க அக்கா வேலைதான் இது. இனிமே யாரும் கைவைக்கக் கூடாது, பூட்டச் சொல்லுங்க," என்றாள் கணவனிடம்.

காப்பாளராக இருந்த இயந்திரன் பணிவாகச் சொன்னது: "அந்த அக்காவுக்குப் பார்க்கும் உரிமை மட்டும்தான். அழுகையையும் இருமலையும் நீக்கியவர் உங்கள் கணவர். அவர் மகளை அடித்த நாளை நீக்கியவர் நீங்கள். மற்றதையும் இருவரும் மாறி மாறி நீக்கினீர்கள். மீட்க முடியாது என்று ஒவ்வொரு தடவையும் எச்சரித்தேன். படிக்காமலே சம்மதம் கொடுத்தீர்கள்."

தான் எடுத்தது ஒன்றிரண்டுதான் என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

சூசை தலைகுனிந்தான். "அதையெல்லாம் பார்த்தா நீ அழுவியேன்னுதான்..."

"நான் அழத்தானேங்க வர்றேன்."

"நீ எதுக்கு அந்த நாளை எடுத்த?"

"அது வரும்போதெல்லாம் நீங்க உங்க கையையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

ஒருவர்மேல் ஒருவருக்கு இத்தனை அன்பு இல்லாமல் இருந்திருந்தால் பிள்ளை மிஞ்சியிருக்கும்.

இருவரும் மாற்றும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். இனி யாருக்கும் பார்க்க மட்டும்தான்.

கடைசிக் காட்சி ஓடியது. நாம் நம் பிள்ளைகளைப் படம் எடுக்க நிறுத்துவதுபோலவே, ரீத்தாவையும் பிறந்தநாள் கவுனில் நிறுத்திச் சிரிக்கச் சொல்லியிருந்தார்கள். அவளும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, சிரிச்சது போதுமா?" என்று கேட்டாள்.

போதும் என்று சொல்லும் உரிமை அங்கே யாருக்கும் இல்லை.