படிக்க முடியாத ஒரு வரி

மழை என்ன, சொல்லிக்கொண்டா வருகிறது? குடையை வீட்டில் மறந்த நாளாகப் பார்த்துத்தான் வரும்.

அவள் ஓடி வந்து ஏறியது, கையால் எழுதியதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் ஒரு டி.டி.பி. கடை. ஏறிய வேகத்தில் அங்கே நின்றவன்மேல் மோத, அவன் கையிலிருந்த தாள்கள் தரையெங்கும் சிதறின.

"பாத்து வரக் கூடாதா?"

"மழையக் கேளுங்க. அதுதான் தள்ளிவிட்டுச்சு."

திட்டலாம் என்று நிமிர்ந்தான். நனைந்த இமைகளுக்குக் கீழே இரண்டு பெரிய கண்கள்... பல நாள் அழுது ஓய்ந்த கண்கள். வாய்வரை வந்த திட்டு அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்கு மேலே, சுவரில் குத்தி வைத்திருந்த ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இது... என் கையெழுத்து."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவள். அவளுடைய கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்று பத்திரிகை ஆசிரியரே சொல்வார். மூன்று வருடமாக வாராவாரம் அவளுடைய அப்பாதான் தாள்களைக் கொண்டு வருவார். அவளை அவன் பார்த்ததே இல்லை.

"நீங்களா அது? கையெழுத்தப் பாத்து யாரோ டாக்டரம்மான்னு நெனச்சேன். மொதல் காதல் காட்சி அடிச்சப்பதான் சந்தேகம் வந்துச்சு."

"நான் மட்டும் என்ன... சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பெரியவர்னு நெனச்சேன்."

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"உங்கப்பா ஏங்க வர்றதே இல்ல? கடைசி அத்தியாயத்தக்கூட வேற யாரோ கொண்டு வந்து குடுத்தாங்க."

"அப்பா போயிட்டார். அது உங்க கைக்கு வந்த அன்னைக்கே."

அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அடித்து முடிக்கும்வரை முதுகுக்குப் பின்னால் நின்று, என் பொண்ணு எழுதினதுல ஒரு புள்ளி மாறக் கூடாது தம்பி, என்று நச்சரிக்கும் மனிதர். இனி வரமாட்டார்.

அவளே சொன்னாள்.

"அன்னைக்குக் காலைல ஆஸ்பத்திரியில அப்பா என்கிட்ட ஏதோ சொன்னார். அத அப்படியே கதையில வர்ற அப்பா சொல்ற மாதிரி எழுதிட்டேன். சாயங்காலம் அவர் இல்ல. என்ன சொன்னார்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகமே வரல. பத்திரிகை வந்தப்புறம்தான் படிச்சேன்... 'நீ மெதுவா வா, நான் எங்கயும் போகல.' பத்து வாரமா அந்த ஒரு வரியப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். அதுக்கப்புறம் ஒரு வரி எழுத வரல."

அவள் சுவரைக் காட்டினாள்.

"அந்தத் தாள் இதுதான். எனக்குத் தருவீங்களா?"

எடுத்துக் கொடுத்தான். விரலை வைத்துத் தேடினாள். தாளின் அடியில் பேனா நடுங்கி, எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தது.

"எழுதின எனக்கே தெரியல. நீங்கதான் படிப்பீங்களே... அந்த வரி எங்க இருக்கு, காட்டுங்க."

இதோ என்று எங்கே விரலை வைத்தாலும் நம்பிவிடுவாள். அப்பாவின் கடைசி வார்த்தையோடு நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். ஒரே ஒரு பொய். ஆனால் முதுகுக்குப் பின்னால் அந்த மனிதர் இன்னும் நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது அவனுக்கு.

"அந்த வரி இதுல இல்லைங்க."

"என்ன சொல்றீங்க?"

"என்னால படிக்க முடியல. ஆறு மணிக்குள்ள பக்கம் அச்சுக்குப் போயாகணும். உங்களுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கல. நானா ஒரு வரி அடிச்சிட்டேன்."

"அப்போ அப்பா சொன்னது..."

"தெரியலைங்க. தினமும் பாக்கறேன். அதுக்குத்தான் சுவத்துல மாட்டினேன். இன்னும் பிடிபடல."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"உங்க பேச்ச எங்க அப்பா வாயில போட நீங்க யாரு?"

தாளோடு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. இறங்கினால் மை கரைந்துவிடும். படிக்க முடியாவிட்டாலும் அப்பா சொன்னது அதில்தான் இருக்கிறது. தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

திரும்பாமலே கேட்டாள்.

"அந்த வரி உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"விடுங்க..."

"சொல்லுங்க."

"உங்க தாள் எப்பவும் லேட்டாத்தான் வரும். கடைசிப் பக்கத்துல எழுத்தெல்லாம் மூச்சு வாங்க ஓடும். அதப் பாக்கறப்பல்லாம் அந்த வரியத்தான் மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அன்னைக்கு அவசரத்துல அதுதான் கைக்கு வந்துச்சு. அது கதையில வர்ற அப்பா பேசினது இல்லைங்க. நான் உங்ககிட்ட பேசினது. மூணு வருஷமா பேசிட்டிருக்கேன்."

அவள் தோள்கள் குலுங்கின.

"அப்பா இன்னைக்குத்தான் போன மாதிரி இருக்கு" என்றாள். "உங்க மேல கோவம் கோவமா வருது."

"வரட்டும். நான் செஞ்சது தப்புதான். பத்திரிகையில சொல்லி, அந்த வரி உங்களோடது இல்லன்னு போடச் சொல்லிடறேன்."

அவள் சட்டென்று திரும்பினாள். கண்ணீர் வழிய, முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள். "யாரு சொன்னதுன்னு தெரிஞ்சப்புறமும் எனக்கு அது வேணும்... திருப்பி எடுத்துக்காதீங்க."