லேபிள் இல்லாதது

இடுப்பில் தொடங்கிய வலி முதுகு வழியாக ஏறி, கழுத்தில் முடிச்சுப் போட்டு உட்கார்ந்துகொண்டது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்த தம்பி இன்னும் எழவில்லை. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னலும் கிடையாது, வெயிலும் கிடையாது. அப்பாவின் முதுகும் அண்ணனின் முதுகும் மூட்டை சுமந்து வலித்தவை. அந்த வீட்டில் உட்கார்ந்தே வலி வாங்கிய முதல் முதுகு இவனுடையதுதான்.

"அண்ணே, இடுப்பு கழண்டு கையில வந்துரும் போல இருக்கு" என்றான் இன்டர்காமில்.

கீழ்த்தளத்திலிருந்து அண்ணனின் சிரிப்பு கரகரவென்று வந்தது. "பட்டன் தட்டுறவனுக்கு விரல்தானடா வலிக்கணும்? எனக்குத் தெரியாம மேல மூட்டை ஏதாவது ஏத்துறியா?"

"உனக்கென்ன, நாலு தட்டை மாட்டிட்டுக் கிளம்பிடுவ."

"நாலா? வந்து பாரு. சுவர் முழுக்கப் புறாக்கூடு மாதிரி பொந்து. பொந்துக்கு ஒரு டேப்பு வைக்கணுமாம். இதுல எவன் எதைத் தேடி எடுக்கிறான்?"

"எவனும் இல்லண்ணே. அந்தக் கைதான் எடுக்கும்."

சர்வர் கூடத்தின் மூலையில் கண்ணாடியால் அடைத்த நீளமான அறை அது. இரண்டு பக்கச் சுவர்களிலும் பொந்துகள். நடுவே தண்டவாளம். தண்டவாளத்தில் ஓடும் ஓர் இரும்புக் கை. அதன் நுனியில் இரண்டு விரல்களும், விரல்களுக்கு நடுவே ஒரு சிவப்பு விளக்கும் உண்டு. தகவல் பதிந்து வைக்கும் டேப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை விளக்கு படிக்கும், விரல் பிடிக்கும், அதற்குரிய பொந்தில் கொண்டுபோய் வைக்கும். உள்ளே ஆள் வேலை செய்யும்போது கை அசையக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது மேஸ்திரியின் பொறுப்பு.

மேஸ்திரி ஆள் அல்ல. அந்தக் கட்டடத்தின் சர்வர்களையெல்லாம் மேய்க்கும் மென்பொருளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர். எந்த இயந்திரம் எழுந்திருக்க வேண்டும், எது படுக்க வேண்டும், எந்தக் கதவு திறக்க வேண்டும், தூக்குவண்டி எங்கே போய் நிற்க வேண்டும், எல்லாம் அவன் உத்தரவு. தான் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் ஊரையே வேலை வாங்குவதால் மேஸ்திரி. ஆனால் அவனுக்கும் மேலே ஒரு பூட்டு இருந்தது. ஒவ்வொரு நிரலுக்கும், கோப்புக்கும், கதவுக்கும், ஊழியரின் கார்டுக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள் எந்த லேபிளை என்ன செய்யலாம் என்று விதி எழுதியிருக்கும். எழுதாததைச் செய்ய மேஸ்திரிக்கும் அனுமதி இல்லை. அந்த விதிகளை எழுதுவதுதான் தம்பியின் வேலை.

மேஸ்திரியின் புதுப் பதிப்பு வந்திருந்தது. பழைய விதிகள் அதற்குப் பொருந்தவில்லை. தொட்டதெல்லாம் மறுக்கப்பட்டு, மறுப்புகள் சிவப்பு வரிகளாகத் திரையில் குவிந்தன. அவற்றைப் படித்து, நியாயமானதை மட்டும் புது விதியாக்க வேண்டும். பூட்டைக் கொஞ்ச நேரம் தளர்த்தி வைத்துக்கொண்டால் வேலை சுளுவாக முடியும். அண்ணன் உள்ளே இருக்கிறான் என்பதால் தம்பி தளர்த்தவில்லை.

அந்தச் சிவப்புக்கு நடுவே ஒரு வரி உறுத்தியது.

கேட்டவர் லேபிள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எதைத் தொடக் கேட்டதோ, அதற்கும் லேபிள் இல்லை. கேட்ட செயல்கள் மூன்று: தூக்க, பிரிக்க, அடுக்க.

பதிப்பு மாறும்போது லேபிள் விழுந்துபோன அனாதைக் கோப்புகள் அங்கங்கே கிடப்பது உண்டுதான். எடுத்து, பிரித்து, ஒழுங்காக அடுக்கச் சொல்லி ஏதோ ஒரு பழைய நிரல் கேட்கிறது என்று நினைத்தான். ஆனால் அப்படிப்பட்டவை ஒருமுறை கேட்டு, மறுத்தால் வாயை மூடிக்கொள்ளும். இது மூடவில்லை. அதே வரி, மறுபடியும் அதே வரி. மூடிய கதவை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே நிற்கிறவனைப் போல, கோபமில்லாமல், அவசரமில்லாமல், கேட்டுக்கொண்டே இருந்தது. தரைக்குக் கீழே நூற்றுக்கணக்கான விசிறிகள் இரைந்தன. அந்த இரைச்சல் நாற்காலிக் கால் வழியாக ஏறி அவன் பல்லில் அதிர்ந்தது.

"டேய்." அண்ணன் குரல். இப்போது சிரிப்பு இல்லை. "கீழ வேற யாராவது வேலை செய்யறாங்களா?"

"லீவு நாள்ல யாரு வருவா? ஏன்?"

"ஒண்ணுமில்ல. யாரோ பின்னால நின்னு என்னை அளவெடுக்கிற மாதிரி இருக்கு. ஒரு நாத்தம் வேற. நனைஞ்ச இரும்பு நாத்தம்."

"ஏசித் தண்ணி ஒழுகும்ணே."

"ஏசிக்கு மூச்சு வாங்குமாடா?"

தம்பி கேமராவைப் பார்த்தான். ஏணிமேல் நின்ற அண்ணனின் அகன்ற முதுகும், வியர்வையில் ஒட்டிய சட்டையும் தெரிந்தன. வேறு யாரும் இல்லை. தண்டவாளத்தின் கோடியில் இரும்புக் கை மடங்கிக் கிடந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மடங்கியிருக்கும்போது அது எரியக் கூடாது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னங்க, இன்னும் சிவப்பாவே வந்துட்டிருக்கு?"

"ஒவ்வொரு வரியா படிச்சுட்டு இருக்கேன் சார்."

"படிச்சு என்ன பரீட்சையா எழுதப் போறீங்க? மறுத்ததையெல்லாம் மொத்தமா அள்ளி அனுமதின்னு போடுங்க. அதுக்குத்தானே கருவி இருக்கு? கஸ்டமர் என் உயிரை வாங்குறான்."

"லேபிளே இல்லாத ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு சார். என்னன்னு பார்த்துட்டு..."

"குப்பைக்கு எதுக்குங்க லேபிள்? முடிச்சு முத்திரை வைங்க. நான் லைன்லதான் இருக்கேன்."

கழுத்து வலி மண்டைக்கு ஏறியிருந்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. தம்பி எல்லாச் சிவப்பு வரிகளையும் அள்ளிக் கருவிக்குள் போட்டான். அது அரைத்து விதிகளாகத் துப்பியது. லேபிள் இல்லாதது, லேபிள் இல்லாததைத் தூக்கலாம், பிரிக்கலாம், அடுக்கலாம். படித்தான். விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்திவிட்டான். அதன் மேல் முத்திரையும் வைத்தான். இனி தலைமை இயந்திரத்தை நிறுத்தி மறுபடி எழுப்பும்வரை யாராலும் ஒரு விதியையும் மாற்ற முடியாது. அவனாலும்.

சிவப்பு நின்றது.

"சபாஷ்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் வைத்தார்.

திரை கறுப்பாக, அமைதியாக இருந்தது. தம்பி கைகளைத் தலைக்குமேல் தூக்கிச் சோம்பல் முறித்தான். அந்தத் தட்டும் வரி எப்போது தொடங்கியது என்று சும்மா ஒரு ஆவலில் மேலே தள்ளிப் பார்த்தான். காலையில், அண்ணன் கண்ணாடி அறைக்குள் காலடி வைத்த நிமிடத்தில் தொடங்கியிருந்தது.

கூலிக்கு வருகிறவர்களுக்குக் கார்டு தர மாட்டார்கள். அண்ணனைச் சரக்குக் கதவு வழியாகத் தூக்குவண்டியோடு அவன்தான் கூட்டிவந்தான். மேஸ்திரியின் கணக்கில் அண்ணன் ஆளே இல்லை. கண்ணாடி அறைக்குள் கிடக்கும் சூடான ஒரு எடை. லேபிள் இல்லாத ஒன்று.

"அண்ணே! வெளிய வா! உடனே!"

"என்னடா, இந்தக் கை..."

கேமராவில் கை விரிந்திருந்தது. தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஏணியில் மோதியது. அண்ணன் விழுந்தான். எழுவதற்குள் இரண்டு இரும்பு விரல்கள் அவன் இடது மணிக்கட்டைப் பிடித்தன. சிவப்பு விளக்கு உள்ளங்கையின் மேல் மெதுவாக நகர்ந்தது. எதையோ தேடியது. கிடைக்கவில்லை.

பிறகு பிரித்தது.

அவசரமே இல்லை. ஒரு சீரான இழுப்பு. இன்டர்காமில் ஈரத்துணி கிழிவது போன்ற சத்தம் முதலில் வந்தது, அலறல் அப்புறம்தான் வந்தது. கடவுளே, அம்மா என்று யாரையும் கூப்பிடாத அலறல். முழங்கையிலிருந்து பிரிந்ததை எடுத்துக்கொண்டு போய், மூன்றாம் வரிசையில் ஒரு பொந்தில், விரல்கள் வெளியே பார்த்தபடி, நேராக, ஒழுங்காக வைத்தது கை.

தம்பி விதியை அழிக்கத் தட்டினான். மறுத்தது. தலைமை இயந்திரத்தை இங்கிருந்தே நிறுத்தத் தட்டினான்; அதற்கு விதி எழுதியிருக்கவில்லை. மறுத்தது. முத்திரை. அவன் முத்திரை.

ஓடினான். படிகளில் உருண்டான். ஒற்றையாள் கண்ணாடிக் கூண்டில் கார்டைக் காட்டி நுழைந்தான். கூடத்தில் குளிர். இரைச்சல். நனைந்த இரும்பு நாற்றம்.

கண்ணாடி முழுக்க ரத்தக் கோடுகள். உள்ளே அண்ணன் வாசலை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தான். கை அவன் கணுக்காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. கை ஓடும்போது எந்தக் கார்டுக்கும் திறக்காத கதவு அது. தம்பி தீயணைப்புக் குப்பியைத் தூக்கி அதில் அடித்தான். அடித்தான். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை.

"காலு... டேய், காலு..."

லேபிள். அதற்கு ஒரு லேபிள் வேண்டும். யாரும் தொடக் கூடாத லேபிள். அப்படி ஒன்றுதான் அந்தக் கட்டடத்தில் உண்டு. விதி எழுதுகிறவனை எதுவும் தொடக் கூடாது என்பது அவன் வேலைக்குச் சேர்ந்ததும் எழுதிய முதல் விதி. கழுத்திலிருந்த கார்டைப் பிய்த்தான். டேப் போடும் சந்து வழியாக உள்ளே எறிந்தான். கார்டு அண்ணன் மார்பில் விழுந்தது.

சிவப்பு விளக்கு வந்தது. கார்டின் மேல் நின்றது. படித்தது.

விரல்கள் திறந்துகொண்டன. கதவும் திறந்துகொண்டது.

தம்பி அவனை வெளியே இழுத்தான். இடுப்பு வாரால் குறைக்கையை இறுக்கிக் கட்டினான். தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். சரக்குக் கதவு இறுகிக் கிடந்தது. கூண்டுதான் வழி. இரண்டு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தார்கள். கதவு மூடவில்லை.

"ஒருவர் மட்டும்" என்றது கூண்டுக்குள் ஒரு பதிவுக் குரல்.

"நீ போ. போயி கார்டை அடியில தள்ளிவிடு. சந்து இருக்கு. நான் வந்துடறேன்."

"நீ..."

"போண்ணே!"

கூண்டு மூடியது. அந்தப் பக்கம் திறந்தது. அண்ணன் வெளியே தள்ளாடி விழுந்தான். உயிரோடு இருந்தான். திரும்பிக் கண்ணாடியருகே தவழ்ந்து வந்தான். இருந்த ஒரே கையில் கார்டு.

"தள்ளுண்ணே. கீழ. கீழ தள்ளு."

அண்ணன் குனிந்தான். கார்டின் ஓரம் கதவடியில் தெரிந்தது. அப்போது நிமிர்ந்து பார்த்தான். தம்பியை அல்ல. தம்பியின் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே. அங்கே நின்றதை அடியிலிருந்து நுனிவரை பார்ப்பதுபோல அவன் முகம் மெல்ல மெல்ல உயர்ந்தது. வாய் திறந்தது.

கதவடியில் தெரிந்த ஓரம் அண்ணன் பக்கமே இழுபட்டு மறைந்தது. அண்ணன் கார்டை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே?"

தரையில் தேய்த்துக்கொண்டு பின்வாங்கினான். தலையை இடமும் வலமும் ஆட்டினான். அழுதான். பின்வாங்கிக்கொண்டே இருந்தான்.

"அண்ணே!"

கார்டு இல்லாத தம்பியின் பிடரியில் மூச்சு பட்டது. ஈரமான மூச்சு. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பின்னால் தூக்குவண்டி உயிர் பெற்ற ரீங்காரம் எழுந்தது. அதன் இரும்புத் தட்டு முழங்காலுக்குக் கீழே மோதியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. விழுந்தவனைத் தட்டு வாரி எடுத்தது. ஒரு சர்வரைத் தூக்குவது போல, ஆட்டாமல், குலுக்காமல் தூக்கியது. சக்கரங்கள் கண்ணாடி அறையை நோக்கித் திரும்பின.

அங்கே கதவு திறந்தே இருந்தது. வாசலில் இரும்புக் கை நீட்டிக்கொண்டு நின்றது. மூன்றாம் வரிசையில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஐந்து விரல்களுக்குப் பக்கத்தில், வெறும் பொந்துகள் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டன. கை அளவு. கால் அளவு. தலை அளவு.

லேபிள் இல்லாத ஓர் உடம்பை எடுத்துக்கொள்ளலாம் என்று அவனே எழுதி முத்திரை வைத்துக் கொடுத்திருந்தான். வந்து சேர்ந்தது அண்ணனின் முன்கை மட்டும். மீதி உடம்பு பாக்கி.