ஆறு மணி, நாடி சீர்

காலிக் கட்டிலில் தொங்கிய அட்டையில் இன்றைய தேதி இருந்தது. இரவு பத்து, இரண்டு, ஆறு என்று மூன்று வேளைக்கும் நாடித்துடிப்பு எழுதியாகிவிட்டது. இப்போது மணி ஒன்பதரைதான். கையெழுத்து அவளுடையது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் இந்த வார்டில் விளையாட யாருக்கு நேரம்? நாற்பத்திரண்டு கட்டில்களுக்கு இரவில் நர்ஸ் என்று அவள் ஒருத்தி. இன்னும் மூன்று நர்ஸ்கள் இருக்க வேண்டும். அந்த இடங்களை இரண்டு வருடமாக யாரும் நிரப்பவில்லை. நிரந்தர நர்ஸ் வாங்குவதில் பாதிச் சம்பளத்துக்கு ஒப்பந்தத்தில் ஓடும் அவளுக்குப் பத்துக் கை இருந்தாலும் போதாது. அதனால் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். விடியும் வரைக்குமான நாடிக் கணக்கை முதல் சுற்றிலேயே எழுதி வைத்துவிடுவாள். இன்றைக்கு இன்னும் அந்தச் சுற்றே போகவில்லை.

போன வாரம் இந்தக் கட்டிலில் டீச்சரம்மா படுத்திருந்தார். காலை ஆறரைக்கு டாக்டர் தொட்டபோது உடம்பு விறைத்துப்போயிருந்தது. அட்டையிலோ, ஆறு மணிக்கு நாடி சீர்.

இன்று வேலைக்கு வந்ததுமே தலைமை நர்ஸ் விசாரணைத் தாளை நீட்டினார்.

"அவங்க பொண்ணு புகார் குடுத்திருக்காங்க. ஆறு மணிக்கு நீ பார்த்தல்ல?"

"பார்த்தேன் மேடம்."

"அப்போ கையெழுத்துப் போடு. நிரந்தரமாகறவங்க லிஸ்ட்ல உன் பேரும் இருக்கு. நீயே கெடுத்துக்காதே."

போட்டுவிட்டாள். வெளியே பெஞ்சில் இருந்த மகள் எழுந்து வந்தாள். "கடைசியில எங்கம்மா யாரையாவது கூப்பிட்டாங்களா சிஸ்டர்?"

"இல்லம்மா. நிம்மதியாத் தூங்கினாங்க."

சொல்லும்போதே நாக்கு கூசியது. அன்று நடுச்சாமத்தில் டீச்சரம்மா ஸ்பூனால் டம்ளரைத் தட்டிக் கூப்பிடும் சத்தம் இரண்டு முறை கேட்டது. அப்போது வேறொருவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள், மறந்துபோனாள். அந்த மறதியை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

அட்டையைக் கழற்றிப் பையில் திணித்தாள். இன்றைக்காவது ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். பினாயில் வாடைக்கும் ஈரத்துணி வாடைக்கும் நடுவே, மின்விசிறியின் கிறீச்சையும் யாரோ இருமுவதையும் யாரோ முனகுவதையும் கேட்டபடி அவள் வார்டின் மறுகோடிக்கு நடந்தாள். நடக்க நடக்க அந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

முதல் கட்டில். லாரி டிரைவர். சாயங்காலம்கூட அவளிடம் வம்பளந்தவர். மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினாள்.

இல்லை.

அவருடைய அட்டையைத் திருப்பினாள். பத்து, இரண்டு, ஆறு. எல்லாம் சீர். அவள் கையெழுத்து.

இரண்டாவது கட்டில். இல்லை.

மூன்றாவது. இல்லை.

யாரையாவது கூப்பிட வாயெடுத்தாள். யார் இருக்கிறார்கள்?

"நான் பார்க்கல" என்றாள். "ஆறு மணிக்கு நான் பார்க்கவே இல்ல. அவங்க கூப்பிட்டாங்க. நான் போகல."

துணி உரசியது. போர்வைகளுக்கு அடியிலிருந்து கைகள் வெளியே வந்தன. இரண்டு வரிசையிலும். காலிக் கட்டிலின் விரிப்புக்கு அடியிலிருந்தும் ஒன்று. நாற்பத்திரண்டு கைகளும் உள்ளங்கையை மேலே திருப்பி, அவள் வந்து மணிக்கட்டைப் பிடிப்பதற்காக நீட்டியபடியே இருந்தன.