தேர்ப்பாரின் அடையாளம்

“தேர்ப்பாரோட அடையாளத்தச் சொல்லு, அண்ணே!”

ரெமிஜியூஸின் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. புன்னைத்துறையில் எந்தப் பெண்ணும் கேட்கக் கூடாத கேள்வி அது. கடலுக்கடியில் பார் என்னும் பவளத்திட்டு எங்கே கிடக்கிறது என்பதை, கரையில் தெரியும் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேரில் கோத்துத்தான் சங்குக்குளிகாரர்கள் கண்டுபிடிப்பார்கள். அந்த அடையாளத்தை யாரும் ஜி.பி.எஸ். மெஷினில்கூட ஏற்றி வைப்பதில்லை. மெஷின் திருடு போகும், தலை போகாது! அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் சொத்து அது. மகளிடம் சொன்னால் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்விடுமாம்.

“ஏட்டி, படிச்ச திமிரா?”

“திமிருதான்!” என்றாள் ஜொவிட்டா. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். “பாரு வெளுத்துப்போச்சு, பக்கத்து ஊரு கோரையடிக்காரன் வெஷ மருந்து ஊத்திட்டான்னு சாயங்காலம் ஊரே கம்பு தூக்கப் போகுது. முன்னால நிக்கப்போறது நீ. மண்ட ஒடைஞ்சா ஆஸ்பத்திரிக்கு ஓடப்போறது நான். ஒருதரம் முங்கிப் பாத்துட்டு வாரேன். மருந்துதான்னா கம்ப நானே எடுத்துத் தாரேன்.”

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டான். வள்ளம் கிளம்பியதும் அவள் கண்ணில் ஈரத் துண்டைக் கட்டினான். என்ஜின் பிடித்த அத்தை மகன் கஸ்பார் விழுந்து விழுந்து சிரித்தான். “பாரு காட்டக் கூட்டிட்டுப் போறியா மச்சான், கண்ணாமூச்சி ஆடவா?”

“வாய மூடிட்டு ஓட்டுல!”

பார் வந்ததும் துண்டு அவிழ்ந்தது. “கரையப் பாக்காத. குதி!” கண்ணாடியை மாட்டி, கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு வாங்கிவந்த தெர்மாமீட்டரை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, தலைகீழாகப் பாய்ந்தாள் ஜொவிட்டா.

ஐயோ!

தேர் நின்றது. ஊர்ப் பெரியவர்கள் சொன்ன அதே தேர், அடுக்கடுக்காக, வீட்டு உயரத்துக்கு. ஆனால் பச்சை இல்லை, பழுப்பு இல்லை, ஊதா இல்லை. எலும்புக்கூடு மாதிரி வெள்ளை! கண்ணுக்கு எட்டிய வரை ஒரே வெள்ளை! அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடியில் காத்திருந்தது. அடித்தண்ணீர் குளிரில் பல்லைக் கிட்டவைக்கும் என்று அப்பா சொல்வாரே? வெந்நீர்ப் பானைக்குள் முங்கிய மாதிரி இருந்தது. பாதரசம் மேலே காட்டிய முப்பத்திரண்டிலேயே கீழேயும் நின்றது.

மருந்து என்றால் நண்டு சாகவேண்டாமா? நண்டு ஓடியது. கிளிமீன் கூட்டம் மேய்ந்தது. வெள்ளைக் கிளை ஒன்றை உற்றுப் பார்த்தாள். கண்ணாடி மாதிரிச் சதை ஆடிக்கொண்டிருந்தது. விரல் நிழல் விழுந்ததும் சுருங்கியது. உயிர் இருக்கிறது!

மூச்சு முட்ட மேலே வந்தவளுக்குக் கரை எந்தப்பக்கம் என்றே தெரியவில்லை. தவித்துத் திரும்பினாள். கரை நேராகக் கண்ணில் விழுந்தது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது, சீறிக்கொண்டு வந்த கோரையடி வள்ளத்தை!

“எங்க பாருல மருந்து ஊத்திட்டு இங்க என்னல கொண்டாட்டம்?” என்று கத்தினான் அதிலிருந்த பெல்வின்.

“நீ ஊத்திட்டு எங்களச் சொல்லுதியா?” ரெமிஜியூஸ் துடுப்பை ஓங்கினான்.

தண்ணீரில் கிடந்த ஜொவிட்டா வள்ளத்தை நோக்கி நீந்தினாள். அவர்கள் பாரும் வெளுத்துவிட்டதா?

“நிறுத்துங்க ரெண்டு பேரும்!” வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி அலறினாள். “எவனும் ஊத்தல! கடல் கொதிக்குது! கரியும் டீசலும் எரிச்ச புகையில ஒரு வாயு இருக்கு. வெயில் உள்ள வர விடும், சூடு வெளிய போக விடாது. மிஞ்சுற சூட்டுல நூத்துக்குத் தொண்ணூறு பங்க கடல்தான் முழுங்குது. பவளத்துக்குள்ள ஒரு பாசி இருக்கு. கலரும் அதுதான், சோறு போடுததும் அதுதான். சூடு தாங்கலன்னா பவளம் அதத் துப்பிரும். அதான் வெள்ள! சாகல, பட்டினி கெடக்கு.”

“நம்ம என்ஜின் புகையுமா?” கஸ்பார் கையை என்ஜினிலிருந்து எடுத்தே விட்டான்.

“அதுவும் ஒரு சிட்டிக. மலையா குவிச்சவன் எங்கயோ ஏசியில இருக்கான்.” அவள் பரீட்சையில் பனிமலை, துருவக்கரடி என்று எழுதி மார்க் வாங்கிய விஷயம். அது தன் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை!

“நல்லா கதை விடுதா!” பெல்வின் துப்பிவிட்டு வள்ளத்தைத் திருப்பினான். ஆனால் துடுப்பை ஓங்கவில்லை.

சாயங்காலம் ஊர்க்கூடத்தில் கம்புகள் சுவரோரம் சாத்தியிருந்தன. கண்டதை எல்லாம் சொன்னாள். “சூடு தணிஞ்சா பாசி திரும்ப வரும். அதுவரைக்கும் நங்கூரம் போடாம, வல இழுக்காம ரெண்டு ஊரும் பார விட்டு வைக்கணும். ஒரு ஊரு மட்டும் விட்டா பிரயோசனம் இல்ல.”

“அவன் பாரும் வெளுத்துச்சுன்னு அவன் சொல்லுதான். நீ பாத்தியா?” என்றார் ஊர்த்தலைவர்.

“இல்ல. நம்மளத அவன் பாத்தானா? அதுவும் இல்ல. ஒளிச்சு ஒளிச்சு வச்சுத்தான் ஒருத்தர் மண்டய ஒருத்தர் ஒடைக்கப் போறிய. நம்ம பார மொதல்ல அவன் வந்து பாக்கட்டும்.”

“அடையாளத்தக் குடுக்கவா? ஊரு சம்மதிக்காது!”

“நான் சம்மதம் கேக்கல.”

எழுந்தாள். வாசலில் கம்போடு ரெமிஜியூஸ் மறித்தான். “ஒனக்குத்தான் அடையாளம் தெரியாதுல்லா?”

“கோயில் சிலுவையும் ஐஸ் கம்பெனித் தண்ணித்தொட்டியும் ஒரே நேர்,” என்றாள், அவன் காதுக்கு மட்டும். “தெக்க ஒத்தப்பனைய வெளக்குக் கோபுரம் மறைக்கணும். சரியா அண்ணே?”

அவன் முகம் பாரைப் போலவே வெளுத்தது. கம்பு மெல்லத் தாழ்ந்தது. கண்ணைக் கட்டினாலும் கடல் காட்டுவதைக் காட்டித்தான் தீரும்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் கோரையடிப் பக்கம் நடந்தாள் ஜொவிட்டா. பின்னால் கூப்பிட்ட குரல்களுக்குத் திரும்பவில்லை. கட்டிக்கொடுக்காமலே, புன்னைத்துறையின் அடையாளம் அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.