கடைசியில் ஒரு காலித் திரை

மதியழகன் அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டார். உள்ளே நுழைவதற்கு முன் வரும் முதல் திரையில் அவர் பெயர் மட்டும் நடுவில் நின்றது. பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். இந்த ஆள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்.

புதுசு, அப்படித்தான் உளறும் என்று கடவுச்சொல்லை அடித்தார்.

எருமப்பட்டிப் பக்கம் லினக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு; அதற்குக் காரணம் மதியழகன்தான். சும்மா கிடைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டில், கட்சிகளைப் போலவே ஏகப்பட்ட பிரிவுகள். தாவுகிற எல்லோரும் கொள்கைக்காகவே தாவுகிறார்கள். பல வருஷம் விசுவாசமாக இருந்த பிரிவு அவருடைய பழைய மெஷினைக் கைகழுவியபோது, "எனக்குப் பண்ணுன துரோகம்" என்று சாப்பிடாமல் படுத்தார்.

"ஏனுங்க, அவிங்களுக்கு உங்களைத் தெரியுங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி வசந்தாமணி.

இன்று காலை புதுப் பிரிவுக்குத் தாவியாயிற்று. அவருடைய எல்லாமும் இருந்த பழைய ஹோம் ஃபோல்டரை, கண்ணுக்குத் தெரியாத கோப்புகளோடு சேர்த்து, அப்படியே வாரிக்கொண்டு வந்து புதுசின் மேல் கொட்டினார். அப்படிக் கொட்டக் கூடாது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவரும் அவரே. வகுப்பெடுப்பவருக்கு விதி ஏது?

திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கீழே பட்டை இல்லை. மெனு இல்லை. விண்டோவைச் சுருக்கும் பொத்தான்கூட இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது என்று எங்கோ யாரோ முடிவு செய்திருந்தார்கள். மவுஸை இடது மூலைக்குத் தள்ளினால் திறந்தவையெல்லாம் சின்னச் சின்னதாக விரியும். அவற்றைத் தாண்டி வலப்பக்கம் எப்போதும் ஒரு காலித் திரை காத்திருக்கும். ஒன்றை நிரப்பினால் அடுத்தது தானாக முளைக்கும். இனி வரப்போவதற்கான இடமாம்.

அவர் உட்கார்ந்திருந்த கோழிப்பண்ணை ஆபீஸ் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஷெட். அதற்குள் முட்டைக்கு வந்திருக்கும் கோழிகள். தீவனத்துக் கருவாட்டுத் தூளும் எச்சமும் கலந்த நெடி, கதவிடுக்கு வழியாக ஈரத்துணி போல வந்து மூக்கில் அப்பும். நாலு பக்கமும் மூடிய ஷெட் அது; பெரிய ஃபேன்கள் இழுத்தால்தான் உள்ளே காற்று. சித்திரை மத்தியானத்தில் அவை நின்றால் பொழுது சாய்வதற்குள் பண்ணையே செத்து விழும். புருஷன் பொண்டாட்டிக்கு இருக்கிற பிழைப்பு அது ஒன்றுதான். அந்த ஃபேன்களை ஓட்டுவது இந்தக் கம்ப்யூட்டர்.

சுவர் வழியாக எந்நேரமும் வந்துகொண்டிருந்த இரைச்சல், பல்லுக்குள் உணர்ந்தே பழகிய அந்த இரைச்சல், மெல்லக் கீழிறங்கி, முனகலாகி, நின்றது.

போன் அடித்தது. "ஏனுங்க, ஃபேன் நின்னு போச்சு. கோழியெல்லாம் வாயத் தொறக்குது!"

"அப்டேட் புள்ள. சித்த இரு" என்றார், டாக்டர் குரலில்.

ஃபேன் புரோகிராம் எங்கே? மூலைக்குத் தள்ளினார். இல்லை. தேடினார். இல்லை. கழுத்துவழியே வேர்வை இறங்கியது. கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதி சொல்லியிருப்பார். சுவர் மறுபடி இரையத் தொடங்கியது.

அவர் எதையும் தொடவில்லை.

போனில் வசந்தாமணி சிரித்தாள். "நல்லவேளைங்க, நேர்ல வந்து கைல போட்டு உட்டீங்க. அந்தப் பொட்டிய நம்பியிருந்தா அவ்வளவுதான்." வைத்துவிட்டாள்.

நேரில் வந்து.

அவர் மவுஸை மூலைக்குத் தள்ளினார். கடைசியில் இருந்த காலித் திரை காலியாக இல்லை.

ஷெட் கேமரா. கூண்டு வரிசைகளுக்கு நடுவே வசந்தாமணி. அவளுக்கு முன்னால், முதுகைக் காட்டியபடி ஒரு ஆள். சாம்பல் கலர் சட்டை. ஷெட்டுக்குள் போகிற எல்லோருக்கும் அதே கலர்தான். வேறு கலரைக் கண்டால் கோழி மிரளும், முட்டை குறையும். மதியழகன் போட்டிருப்பதும் அதுதான். ஆனால் அந்த இடது தோள் சாய்வு. அவருக்குத் தீவன மூட்டை தூக்கித் தூக்கி வந்த சாய்வு. அது எல்லோருக்கும் கிடையாது.

கோழிகள் அமைதியாகத் தின்றுகொண்டிருந்தன.

வசந்தாமணிக்குப் போன் போட்டார். திரையில் அவள் போனைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அலோ. யாருங்க?"

"நாந்தான் புள்ள! உம்பக்கத்துல நிக்கறது யாரு?"

"என்னமோ ஒரு ஆளு கண்டபடி பேசறானுங்க" என்று போனை அந்த ஆளிடம் நீட்டினாள். அவள் நீட்டியதும் அவன் வாங்கியதும் திரையில் தெரிந்தது. காதுக்குள் மதியழகனின் சொந்தக் குரல், டாக்டர் குரலில், பொறுமையாகக் கேட்டது.

"யாருங்க பேசறது?"

ஓடினார். வாசலில் வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காமல் ஷெட் கதவைத் தள்ளினார். அத்தனை கோழியும் ஒரே தொண்டையாக அலறின. கூண்டின் பின்கம்பியில் ஒண்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறின; சிறகு பிய்ந்து பறந்தது. குஞ்சிலிருந்து அவர் கையால் வளர்த்தவை.

"வசந்தா..."

அவள் பின்வாங்கினாள். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்திராத முகம்.

"எவன்டா நீ? என்னங்க, இவன வெளிய தள்ளுங்க! கோழி செத்துரும்!"

அந்த ஆள் திரும்பத் தொடங்கினான். காது தெரிந்தது. கன்னம் தெரிந்தது. முழுசாகத் திரும்பும்வரை மதியழகன் அங்கே நிற்கவில்லை.

ஆபீஸ். கதவைத் தாழிட்டார். நாற்காலியில் விழுந்தார். அழிக்கணும். கொட்டியதையெல்லாம் அழிக்கணும். மூலைக்குத் தள்ளினார். வலப்பக்கம் இன்னொரு திரை முளைத்திருந்தது.

இந்த ஆபீஸ். மேலிருந்து. மேஜை. கம்ப்யூட்டர். நாற்காலி.

நாற்காலி காலி.

கையை ஆட்டினார். திரையில் எதுவும் ஆடவில்லை. தேவைப்படாது என்று எடுத்தவை பட்டை, மெனு, பொத்தான். இப்போது அவர்.

தாழிட்ட கதவு திரையில் சாதாரணமாகத் திறந்தது. வசந்தாமணி உள்ளே வந்தாள், பின்னால் அவன். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். கருவாட்டு நெடி. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

"உக்காருங்க, மோர் கொண்டாறேன். மொகமே வாடிப் போச்சு" என்றாள் அவள், அவர் தலைக்கு மேலே.

திரையில் அவன் நாற்காலியை இழுத்தான். அவருக்குக் கீழே நாற்காலி நகர்ந்தது.

அவன் உட்கார்ந்தான்.

தொடை மேல் கனம். மெல்ல. வெதுவெதுப்பாக. தொடைக்குள். வயிற்றுக்குள். மூச்சு விட இடமில்லை.

"வசந்தா" என்றது அவர் வாய். பேசியது அவர் இல்லை. "சேரு சூடா இருக்குது. யாராச்சும் உக்காந்திருந்தாங்களா?"

"யாரு வாரது இங்க?" என்றாள் அவள்.

மவுஸ் மேல் இருந்த அவர் விரல்களுக்குள், உறைக்குள் கை நுழைப்பது போல, ஒவ்வொன்றாக இன்னொரு விரல் நுழைந்து, நகக்கண்வரை வந்து, இறுக்கமாகப் பொருந்திக்கொண்டது.