முஞ்ஜா மரத்து வண்டுகள்

காற்றே இல்லை. ஆனாலும் வேப்பமரம் கறுக் முறுக்கென்று சத்தம் போட்டது.

முதல் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். கோலாப்பூர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்து வரப்பில் முக்தாவும் தம்பி பண்டூவும் அசையாமல் நின்றார்கள்.

"முஞ்ஜா பல்லக் கடிக்கிறான். ஓடிடலாம் வாக்கா!" என்றான் பண்டூ.

அவர்களுடைய பாட்டீல் குடும்பத்தில் எப்போதோ எட்டு வயதிலேயே இறந்துபோன பிள்ளைதான் முஞ்ஜா. அவன் ஆவி அந்த மரத்தில் இருக்கிறது. அதனால் அந்த மரத்தில் யாரும் கழி போட்டு உலுக்கக் கூடாது. அது வீட்டுக் கட்டுப்பாடு.

போன வருஷம் அவர்களுடைய கரும்பு நின்ற நிலையிலேயே மஞ்சளானது. முக்தா லேசாக இழுத்த ஒரு கரும்பு கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. மண்ணுக்குள் வெள்ளை வேர்ப்புழுக்கள் சுருண்டு கிடந்தன. இந்த வருஷமும் அப்படியானால், பாட்டீல் குடும்பம் ஊர் ஊராகக் கூலிக்குக் கரும்பு வெட்டப் போகவேண்டியதுதான்.

முதல் மழைக்கு வெளியே வரும் வண்டுகள் மரத்தில் ஏறி இலை தின்னும். பிறகு மண்ணில் முட்டையிடும். அதிலிருந்துதான் வேர்ப்புழு வரும். அதனால் ஊரே இன்று மரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது, இந்த ஒரு மரத்தைத் தவிர.

முக்தா மரத்தடிக்குப் போனாள். அவள் கழுத்தில் ஏதோ சொத்தென்று விழுந்தது. முள்முள்ளான கால்களோடு ஊர்ந்தது. அலறிக்கொண்டே கையிலிருந்த டார்ச்சை மேலே அடித்தாள். இலையே தெரியவில்லை. கிளை முழுக்க வண்டு, கறுக் முறுக்கென்று இலையைத் தின்றுகொண்டிருந்தது!

தன் அப்பாவான பாபாவிடம் ஓடினாள். பக்கத்துத் தோட்டத்துத் தோண்டிபாவும் அங்கே இருந்தார்.

"என்ன பாட்டீல், வண்டுங்களுக்குச் சத்திரம் நடத்துறீங்க போல!" என்று சிரித்தார் தோண்டிபா.

பாபா நிமிர்ந்து நின்றார். "சோறு இல்லாமக்கூட இருப்போம். எங்க பிள்ளைய யாரும் அவமதிக்க விடமாட்டோம்."

"நம்ம பிள்ளைதானே பாபா?" என்றாள் முக்தா. "ஒரு வண்டு விழுந்ததுக்கே எனக்கு உடம்பெல்லாம் கூசுது. அவன் மேல ஆயிரம் ஊருது. நாம வேடிக்கை பாத்துட்டு நிக்கிறோமே?"

பாபா தலைப்பாகையை இறுக்கிக் கட்டினார்.

"துரட்டிய எடுங்கடா" என்றார்.

முக்தா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "முஞ்ஜா, கெட்டியாப் பிடிச்சுக்கோ! உலுக்கப் போறோம்!"

வண்டுகள் ஆலங்கட்டி மழைபோலக் கொட்டின. அள்ளி அள்ளி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டார்கள். நான்கு வாளிகள் நிறைந்தன.

"கரும்பு தப்பிச்சுது" என்றார் பாபா. "உச்சிக் கிளைதான் பாக்கி. துரட்டி எட்டலையே."

எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். காற்று இல்லை.

உச்சிக் கிளை தானாகக் குலுங்கியது. ஒரு தரம். இன்னொரு தரம். வண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

பண்டூ பாபாவின் காலைக் கட்டிக்கொண்டான். தோண்டிபாவின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"கு... குரங்கா இருக்கும்" என்றார் பாபா.

கிளை இன்னும் வேகமாக ஆடியது.

"போதும், போதும்!" என்று கத்தினாள் முக்தா. "கீழ விழுந்துடப் போறே!"

கிளை சட்டென்று நின்றது.